க்யூபிஇ-க்குத் தமிழ்ச்சொல்: வியாழன் மாலைக்குள் வேண்டும்

அனுப்பியவர்: தும்பி

அனைவருக்கும் வணக்கம்.

விண்வெளி எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகள் பற்றிய 20 நிமிட ஆவணப்படம் ஒன்றுக்குத் தமிழ் வர்ணனையும் துணையுரையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். கருந்துளை, நிறமாலை, திரள்வட்டு எல்லாம் சிக்கலில்லை. குவாசி-பீரியாடிக் எரப்ஷன் என்பதில் மாட்டிக்கொண்டேன். சுருக்கம் க்யூபிஇ. படத்தில் பதினோரு இடத்தில் வருகிறது.

துணையுரையில் வரிக்கு 40 எழுத்துதான் அனுமதி. வர்ணனையாளருக்கு அந்த இடத்தில் 2 நொடி. “ஏறக்குறைய ஒரே கால இடைவெளியில் நிகழும் எக்ஸ் கதிர் வெடிப்பு” என்று எழுதி வைத்திருக்கிறேன். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் படம் அடுத்த விண்மீன் மண்டலத்துக்குப் போய்விடும். வியாழன் மாலை ஒலிப்பதிவு. உதவுங்கள்.

அனுப்பியவர்: விண்ணோக்கி

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம். இல்லாவிட்டால் ஊதா நிறத்துக்குப் பெயர் வைக்கப்போய்ப் பச்சைக்கு வைத்துவிடுவோம்.

முதலில் தெரியவந்தது ஜிஎஸ்என் 069 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவில், பெரும் கருந்துளை இருக்கும் இடத்தில். 2018 டிசம்பரில் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கி பார்த்தது. 2019 பிப்ரவரியில் சந்திரா தொலைநோக்கியும் பார்த்தது. ஏறத்தாழ 9 மணி நேரத்துக்கு ஒருமுறை எக்ஸ் கதிர் ஒளி சட்டென ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக நின்று, இறங்கிவிடுகிறது. எத்தனை மடங்கு ஏறுகிறது என்பது எந்த ஆற்றலில் அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆற்றல் கூடினால் ஏற்றமும் கூடும், உச்சியும் முந்திவரும். வெப்பநிலைக் கணக்கில் சொன்னால், அடங்கியிருக்கையில் 50 எலெக்ட்ரான்வோல்ட் (ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் இருப்பது உச்சியில் 120 வரை போகிறது. அதாவது 6 லட்சம் கெல்வினிலிருந்து 14 லட்சம்.

இப்போது ‘குவாசி’, அதாவது ‘ஏறக்குறைய’, ஏன் என்பது. ஜிஎஸ்என் 069இல் வலிய ஏற்றத்துக்குப் பின் இடைவெளி நீளம். மெலிந்த ஏற்றத்துக்குப் பின் இடைவெளி குறைவு. இப்படி மாறி மாறி வருகிறது. ஆகவே கடிகாரம் இல்லை, ஆனால் தாறுமாறும் இல்லை. ஈரோசிட்டா தொலைநோக்கி கண்டுபிடித்து 2021இல் வெளியான இரண்டில் ஒன்று 2.4 மணிக்கொருமுறை, ஓரளவு ஒழுங்காக, ஒவ்வொன்றும் 27 நிமிடம். மற்றதன் சராசரி 18.5 மணி, ஆனால் சிதறல் அதிகம். சராசரியை மட்டும் நம்பி அடுத்தது எப்போது என்று குறித்தால் மணிக்கணக்கில் தவறும்.

சொல் இந்த இரண்டு வகையையும் தாங்க வேண்டும். இன்னொன்று: க்யூபிஓ என்ற வேறு நிகழ்வும் உண்டு, குவாசி-பீரியாடிக் ஆசிலேஷன், ஒளி ஏறக்குறைய சீராக ஏறி இறங்கும் அலைவு. ‘குவாசி’க்கு இங்கே எதை வைக்கிறோமோ அதுதான் அங்கேயும் வரும்.

அனுப்பியவர்: புலவர்

அன்புடையீர்,

முதற்கண் ‘எக்ஸ் கதிர்’ என்பதையே எடுத்துவிட வேண்டும். ஊடுகதிர் என்ற நற்றமிழ்ச் சொல் இருக்கையில் பெயரில்லாப் பொருளுக்கு வைத்த எக்ஸைச் சுமப்பானேன்?

குவாசிக்குத் தமிழில் சொல் இல்லை என்று எவரும் கவலற்க. ‘போலி’ இருக்கிறது. பொருள் மாறாது எழுத்து மட்டும் மாறி வருவது போலி: நிலம்–நிலன், பந்தல்–பந்தர், ஐந்து–அஞ்சு. இல்முன் என்பது முன்றில் என நிற்பது இலக்கணப்போலி. ஒன்றன் இடத்தில் நின்று அதன் தொழிலைச் செய்வது, இழிபொருள் இல்லை. ஆயினும் இன்று போலி என்றால் கள்ளநோட்டு நினைவுக்கு வருவதால், வேறொன்று தருகிறேன். மாத்திரை குறைந்த உகரத்தைக் குற்றியலுகரம் என்றோம். ஒழுங்கில் குறைந்த ஒழுங்கைக் குற்றியலொழுங்கு என்போம். எரப்ஷன் குமுறல்.

குற்றியலொழுங்குக் குமுறல். ஓசையும் உண்டு, உறுதியும் உண்டு.

அனுப்பியவர்: கணிநிரல்

> குற்றியலொழுங்குக் குமுறல்

ஐயா, அசை எண்ணினால் ஒன்பது. 2 நொடிக்குள் வந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பள்ளி மாணவர் இதைக் கேட்டால் தமிழ் வகுப்புக்குள் தவறிப்போய் நுழைந்துவிட்டோமோ என்று எழுந்து போய்விடுவார்.

குமுறல் ஒலி குறித்த சொல். இடி குமுறும், கடல் குமுறும். விண்வெளியில் ஒலி ஏது?

அனுப்பியவர்: விண்ணோக்கி

ஊடுகதிர் பற்றி ஒரு வார்த்தை. பல் மருத்துவரிடம் அது ஊடுகதிர்தான். அங்கே பல பத்து கிலோ எலெக்ட்ரான்வோல்ட். க்யூபிஇ-யில் வருவது பெரும்பாலும் 0.3 முதல் 2 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் வரையுள்ள மென்கதிர். 1 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் கதிர் தரைமட்டக் காற்றில் 1 செ.மீ. கடப்பதற்குள் நூற்றில் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். காற்றை ஊடுருவாததால்தான் தொலைநோக்கியை மேலே அனுப்புகிறோம். “ஊடுருவும் கதிர் வளிமண்டலத்தை ஊடுருவாததால்” என்று தும்பி வர்ணனை எழுத வேண்டிவரும். பாடநூலிலும் எக்ஸ் கதிர்தான். அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அனுப்பியவர்: புலவர்

பெயர் பிறந்தபோது இருந்த இயல்பு எல்லாச் சூழலிலும் நிற்க வேண்டும் என்பது எந்த இலக்கணம்? நாற்காலிக்கு நாலு கால்; மூன்று கால் உள்ள இருக்கை எதையும் நாம் முக்காலி என்று திருத்துகிறோம் என்பது மெய். ஆயினும் சக்கரம் வைத்து ஐந்து காலோடு சுழல்வதையும் நாற்காலி என்றுதான் சொல்கிறோம். காரணப்பெயர் நாளடைவில் இடுகுறி போல் ஆகிவிடும்.

இனி, குமுறலில் ஓசை இருப்பது உண்மையே. ஆனால் மனம் குமுறுகிறதே, அது யார் காதில் விழுகிறது?

அனுப்பியவர்: வளர்பிறை

வணக்கம். இலங்கைப் பாடநூல்களில் பீரியாடிக் என்பதற்கு ஆவர்த்தனம் என்றே பாவிக்கிறோம்: ஆவர்த்தன இயக்கம், ஆவர்த்தன அட்டவணை. மாணவருக்கு உடனே விளங்கும். ‘அண்ணளவான’ என்பதும் எங்களுக்குப் பழக்கமான சொல். அண்ணளவான ஆவர்த்தன வெடிப்பு என்றால் என்ன குறை?

அனுப்பியவர்: கணிநிரல்

நல்ல சொல்தான் அம்மா, ஆனால் தமிழ்நாட்டு மாணவருக்கு ஆவர்த்தனம் என்றால் தாளக்கணக்கு. அங்கே தனிம வரிசை அட்டவணை, சீரலைவு இயக்கம் என்று போகிறது. படம் இரு பக்கத்துக்கும் போகுமா, தும்பி?

அனுப்பியவர்: தும்பி

போகும். துணையுரை ஒன்றே ஒன்றுதான்.

அனுப்பியவர்: புலவர்

ஆவர்த்தனம் வடசொல். “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ” என்று தொல்காப்பியர் வழிவிட்டது எழுத்துக்குத்தான் என்று சொல்பவன் அல்லன் நான். ஆனால் தமிழ் இருக்க அது எதற்கு?

தாளம் என்றதும் நினைவு வந்தது. யாப்பில் குவாசிக்கு நேரான கருத்து ஒன்று உண்டு: இனம். வெண்பாவின் வரம்பை முழுதும் ஏற்காது அதை ஒத்து நடப்பவற்றைத் தாழிசை, துறை, விருத்தம் எனப் பாவினமாக்கி வைத்தனர். வெண்டுறை வெண்பா அன்று. வெண்பாவின் சாயல் கொண்டது. சீர் பிழைத்தும் சீர் மறவாதது. விண்ணோக்கி சொன்ன நீண்ட இடைவெளி, குறுகிய இடைவெளி மாறி மாறி வருவதைக் கண்டால் நெடிலடியும் குறளடியும் விரவி வந்த பாட்டுப் போல் இல்லையா? ஆகவே ‘இனச்சீர்’...

அனுப்பியவர்: கணிநிரல்

இனச்சீர் என்றால் சமூக அறிவியல் என்று நினைப்பார்கள். வேண்டாம் ஐயா.

அனுப்பியவர்: விண்ணோக்கி

‘வெடிப்பு’ பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அது வேண்டாம். காமா கதிர் வெடிப்பு, மீஒளிர் விண்மீன் வெடிப்பு என்று ஏற்கெனவே அந்தச் சொல்லில் கூட்டம். அங்கே பொருள் ஒருமுறை வெடித்தால் தீர்ந்தது. இங்கே திரும்பத் திரும்ப வருகிறது.

அதோடு, காரணம் இன்னும் முடிவாகவில்லை. பலர் ஏற்பது இது: பெரும் கருந்துளையைச் சுற்றும் விண்மீனோ சிறு கருந்துளையோ ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை திரள்வட்டை, அதாவது கருந்துளையைச் சுற்றிச் சுழலும் வாயு வட்டை, துளைத்துக்கொண்டு போகிறது, மோதலில் சூடேறிய வாயு ஒளிர்கிறது. பாதை நீள்வட்டமானால் இரண்டு கடப்புக்கும் இடையே நேரம் சமமாக இராது. நீண்டதும் குறுகியதும் மாறி வருவதற்கு அது விளக்கம். 2024இல் வெளியான ஏடி2019கியூஐஇசட் என்ற மூலம் இதற்கு வலுச்சேர்த்தது. 2019இல் அங்கே ஒரு விண்மீன் கருந்துளையின் ஓதவிசையால் (அருகிலுள்ள பக்கத்தைக் கூடுதலாக இழுக்கும் ஈர்ப்பால்) சிதைந்தது. அந்தச் சிதைவில் உண்டான வட்டு பரவிய பிறகு, 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றம் தெரிகிறது. சந்திரா, நைசர், ஸ்விஃப்ட், ஆஸ்ட்ரோசாட் ஆகிய நான்கு தொலைநோக்கிகளின் தரவும் சேர்ந்த வேலை அது.

மறுபக்கம், வட்டின் உள்ளேயே நிலைகுலைவு ஏற்படுகிறது என்பாரும் உண்டு. 2025இல் வெளியான ஆன்ஸ்கி என்ற மூலத்தில் இடைவெளி 4.5 நாள்; ஒவ்வொரு ஏற்றமும் வழக்கமான க்யூபிஇ-யைவிட ஏறத்தாழ பத்து மடங்கு நீளம், பத்து மடங்கு ஒளி. அதை எந்த மாதிரியும் எளிதில் விழுங்குவதில்லை. ஆகவே ‘மோதல்’ என்றும் வைக்காதீர்கள், ‘கக்கல்’ என்றும் வைக்காதீர்கள். நாளைக்குக் கொள்கை மாறினால் சொல் நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

கண்ணால் காண்பது ஒளி எழுவது மட்டும். எழுச்சி போதும்.

அனுப்பியவர்: கணிநிரல்

எழுச்சி என்றால் மக்கள் எழுச்சி.

அனுப்பியவர்: புலவர்

ஏன், பள்ளியெழுச்சி இல்லையா? அதுவும் நாள்தோறும் வருவது. பாடுவோர் சற்றே தாமதித்தால் குவாசி. எழுச்சியை ஏற்கிறேன், மனமின்றி. குமுறல் தோற்றது குறித்து வருத்தமே.

அனுப்பியவர்: வளர்பிறை

பீரியாடிக்குக்குச் ‘சீர்’ என்று இரு பக்கத்துக்கும் பொதுவாக வைக்கலாம். சீரான என்பது எங்கும் விளங்கும். குவாசிக்கு ‘ஒத்த’. சீரொத்த எழுச்சி. ஆறு அசைதான்.

அனுப்பியவர்: கணிநிரல்

எதிர்க்கிறேன். சீர் ஒத்த என்றால் எல்லாச் சீரும் ஒரே அளவாக இருக்கிறது என்று படிப்பார்கள். நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்ப்பொருள்.

க்யூபிஓ-வில் பாருங்கள். திறன் நிறமாலையில் (எந்த அதிர்வெண்ணில் ஒளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற வரைபடத்தில்) ஊசி போல் ஒரு கோடு வந்தால் அது முழுச்சீர். க்யூபிஓ-வில் அகலமான மேடு வரும். மேட்டின் மைய அதிர்வெண்ணை அதன் அகலத்தால் வகுத்து, 2க்கு மேல் இருந்தால் க்யூபிஓ, அதற்குக் கீழே வெறும் இரைச்சல் என்பது வழக்கம். அதற்குச் ‘சீரொத்த அலைவு’ என்று பெயர் வைத்தால் மாணவர் ஊசிக்கோட்டைத் தேடுவார். தோராயச் சீர் என்று நேராகச் சொல்லுங்களேன்.

அனுப்பியவர்: வளர்பிறை

மதியொத்த முகம் என்றால் முகம் மதியல்ல என்றுதானே பொருள்? ஒத்த என்பது உவம உருபாக வரும்போது ‘அதுவே அல்ல’ என்பதையும் சேர்த்தே சொல்லுகிறது.

அனுப்பியவர்: புலவர்

அம்மையார் சொல்வது சரி. ஆனால் ‘ஒத்த வயதினர்’ என்றால் வயது ஒன்று என்றுதான் பொருள். இருபக்கமும் வழக்கு உண்டு. சேர்த்தெழுதினால் ‘சீரொத்தவெழுச்சி’ என்று உடம்படுமெய் வர வேண்டும் என்பதையும் குறித்து வைக்கிறேன்.

அனுப்பியவர்: தும்பி

நாளை ஒலிப்பதிவு. வர்ணனையில் முதல் முறை வரும்போது “ஏறத்தாழ சீரான இடைவெளியில் வரும் எழுச்சி” என்று விரித்துச் சொல்லிவிட்டு, பிறகு எல்லா இடத்திலும் ‘சீரொத்த எழுச்சி’ என்று போடலாமா? விரிவு ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் கணிநிரல் அஞ்சும் குழப்பம் குறையும். எக்ஸ் கதிர் அப்படியே இருக்கட்டும்.

அனுப்பியவர்: விண்ணோக்கி

எனக்குச் சம்மதம். வரைவைப் பார்த்தேன்; இரண்டு திருத்தம். ஏழாம் துணையுரையில் “ஈரோசிட்டா எழுச்சியை முழுதும் பதிவு செய்தது” என்று இருக்கிறது. அது வானத்தைச் சுழன்று சுழன்று வருடியது. ஒரு சுற்றுக்கு 4 மணி நேரம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மூலம் பார்வையில் இருப்பது 40 நொடி வரை. ஒருமுறை ஒளி, அடுத்த முறை இருள், மறுபடி ஒளி என்றுதான் அதற்குத் தெரியும். அந்தத் தடயத்தை வைத்து எக்ஸ்எம்எம்-நியூட்டனையும் நைசரையும் திருப்பிய பிறகே முழு ஒளிவரைவு (நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் வரைபடம்) கிடைத்தது. “தடம் கண்டது” என்று மாற்றுங்கள்.

ஒன்பதாவதில் “எந்தத் தொலைநோக்கியாலும் காணலாம்” என்பதையும் எடுத்துவிடுங்கள். தாழ்பாதையில் ஒன்றரை மணி நேரத்துக்கொரு சுற்றுப் போகும் கருவிகளுக்குப் பூமி குறுக்கே வந்து மறைக்கும். 27 நிமிட எழுச்சி அந்த மறைவுக்குள்ளேயே வந்து போய்விடலாம். எக்ஸ்எம்எம்-நியூட்டனின் பாதை 48 மணி நேர நீள்வட்டம். ஒரே மூச்சில் ஒரு நாளுக்கு மேல் பார்க்க முடிவதால்தான் 9 மணி இடைவெளி அதற்குப் பளிச்சென்று தெரிந்தது. 4.5 நாள் இடைவெளிக்கு அதுவும் போதாது.

அனுப்பியவர்: வளர்பிறை

சம்மதம். சொல்லடைவில் ஆவர்த்தனத்தையும் மாற்றுச்சொல்லாகச் சேர்த்துவிடுங்கள்.

அனுப்பியவர்: புலவர்

சம்மதம். எக்ஸ் கதிருக்கு அருகே ஊடுகதிரையும் சேர்க்க. குற்றியலொழுங்கை எவரேனும் பிற்காலத்தில் எடுத்தாள்வர்.

அனுப்பியவர்: கணிநிரல்

படத்துக்குச் சரி, போகட்டும். சொல்லடைவில் க்யூபிஓ-வுக்கு மட்டும் ‘சீரொத்த அலைவு’ என்று நீங்கள் ஏற்றினால், நான் ‘தோராயச்சீர் அலைவு’ என்று திருத்துவேன். இப்போதே சொல்லிவிட்டேன்.