புது உப்புநீர்த் தொட்டியில் மீன் பழகிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அல்சூர், பெங்களூரு

க்ளவுன் மீன் மூலையிலேயே நிற்கிறது, தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று கேட்டிருந்த தம்பிக்கு எழுதுகிறேன். கழிவிலிருந்து வரும் விஷங்களான அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், மூச்சும் சீராக இருக்கிறது என்றால் இரண்டு மூன்று நாள் பட்டினியை நினைத்துக் கலங்க வேண்டாம். லைட்டை அணையுங்கள். குழந்தைகளைக் கண்ணாடியைத் தட்டவிடாதீர்கள். புது மீனுக்கு முதலில் வேண்டியது ஒளிய ஓர் இடம். தீனியெல்லாம் அப்புறம்தான்.

எனக்கு மீன்கள் சென்னை கொளத்தூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வரும். காலையில் கலாசிப்பாளையம் போய் தெர்மோகோல் பெட்டியை எடுத்து வருவேன். இப்படி ராத்திரி முழுக்கப் பையில் கிடந்த மீனை, பையைத் திறந்து வைத்து மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்கக் கூடாது. காரணம் இதுதான். மீன் மூச்சுவிட விடப் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் (அமில-கார அளவு) இறங்கிவிடும். அந்த நிலையில் கழிவிலிருந்து வரும் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கும், அதனால் பெரிய கெடுதல் இல்லை. பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமாகிவிடும். மீன் அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருக்கும்.

நான் முன்கூட்டியே கடையில் உப்பளவை (தண்ணீரின் ஒப்படர்த்தியை)க் கேட்டு வைத்துக்கொள்வேன். எனக்கு அனுப்புகிறவர் 1.019-இல் வைத்திருப்பார். புது மீனை முதலில் தனியே வைக்கும் தொட்டியின் தண்ணீரையும் அதே அளவுக்குக் கலந்து வைத்துவிடுவேன். பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் மிதக்கவிட்டால் வெப்பம் சமமாகும். பிறகு திறந்த கையோடு மீனை மட்டும் சின்ன டப்பாவில் ஏந்தி உள்ளே விடுவேன். வலை வேண்டாம், முள் சிக்கும். பைத் தண்ணீர் நேரே சாக்கடைக்கு. உப்பைப் பல நாளில் மெல்ல மெல்ல 1.025-க்கு ஏற்றினால் போதும். இங்கேயே சிவாஜிநகரில் வாங்கி அரை மணியில் வீடு வந்து சேரும் மீன் என்றால் சொட்டு முறை தாராளமாகச் செய்யலாம்.

போன முறை வந்தது ஃபயர்ஃபிஷ். தொட்டியின் மூன்று பக்கமும் பேப்பர் ஒட்டி, உள்ளே பிவிசி எல்போ (வளைந்த குழாய்) இரண்டு போட்டிருந்தேன். விட்டதும் குழாய்க்குள் போனதுதான், அன்று முழுக்க ஆளைக் காணோம். மறுநாள் சாயங்காலம் இருட்டும் நேரம், முதுகிலிருக்கும் அந்த நீளமான முள் மட்டும் குழாய் வாயில் தெரிந்தது. டக் டக்கென்று விறைக்கும், மடங்கும். நீரோட்டத்தில் கொஞ்சம் உயிருள்ள ஆர்ட்டீமியா (பொடி உப்புநீர் இறால்) விட்டேன். தலையை நீட்டி ஒன்றைக் கவ்வியது, துப்பியது, மறுபடி அதையே கவ்வியது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. மேலே வலைமூடி கட்டாயம், இந்த மீன் மிரண்டால் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

ஜாலஹள்ளி

அண்ணா சொன்னதோடு கரண்ட் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதச் சாயங்கால மழையில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். அதனால் யுபிஎஸ்ஸில் தண்ணீரை அலைக்கும் வேவ்மேக்கரை மட்டும் மாட்டியிருக்கிறேன், லைட்டுக்குத் தரவில்லை. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கைவசம் உண்டு.

போர்வெல், டேங்கர் தண்ணீரில் உப்பைக் கலக்கவே கலக்காதீர்கள். ஆர்ஓ-டிஐ வடிகட்டி போட்டு டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் வந்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும். சென்னையில் அக்கா வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. எனக்கு டிசம்பர் ராத்திரியில் ஹீட்டர்தான் முக்கியம்.

ஏற்கெனவே டாம்சல் (தன் இடத்துக்காகச் சண்டை போடும் மீன்) இருக்கும் தொட்டியில் புது மீன் விடுகிறவர்கள் முதலில் கற்களை இடம் மாற்றுங்கள். வெளிப்பக்கம் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்தால் டாம்சல் தன் பிம்பத்தோடு மல்லுக்கு நிற்கும், அதற்குள் புது மீன் ஒதுங்க இடம் பிடித்துவிடும். என் தொட்டியில் நன்றாகவே வேலை செய்தது.

மடிவாளா

மாண்டரின் மீன் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். புதுத் தொட்டி என்றால் தயவுசெய்து வேண்டாம். அது நாள் முழுக்கப் பாறையைக் கொத்திக் கோப்பிபாட் என்ற நுண்ணுயிரிகளைத் தின்றுகொண்டே இருக்கும் மீன். புதுத் தொட்டியில் கோப்பிபாட் பெருகியிருக்காது. தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வயிறு ஒட்டி, மெலிந்து செத்துப்போகும். நண்பர் வீட்டில் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

கடல்குதிரை ஆசையும் வேண்டாம். 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

தொடங்குகிறவர்கள் குஞ்சுப்பண்ணையில் பிறந்த க்ளவுன் மீனாகக் கேட்டு வாங்குங்கள். ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தாரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் அவற்றைப் பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்த மீன் குருணைத் தீனிக்கும் மனித நடமாட்டத்துக்கும் பழகியிருக்கும். கடையில் உங்கள் கண் முன்னே தீனி போடச் சொல்லி, அது தின்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கொடுங்கள்.