மன்னார்குடி பக்கம் பூர்வீக வீட்ட விக்க ஏற்பாடு, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மன்னார்குடிக்கு கிழக்கால கிராமம். தாத்தா கட்டின ஓட்டு வீடு, திண்ணை, முற்றம், கூடம், கொல்லைன்னு தெருவுலேந்து வாய்க்கா வரைக்கும் நீளமா போகும். அம்மா இப்ப என்கூட தாம்பரத்துல, தம்பி திருப்பூர்ல, அங்க விளக்கேத்த ஆள் இல்ல. 2018 கஜா புயல்ல ஓடு பறந்த எடத்துல ஷீட் போட்டோம், இப்ப அதுவும் ஒழுகுது. சுவர் விழறதுக்குள்ள யாராவது குடியிருக்கிறவங்க கைக்கு போகட்டும்னு அம்மாவே சொல்லிட்டாங்க.

பட்டா இன்னும் தாத்தா பேர்லதான். அவர் உயில் எழுதல, அதனால அப்பா மட்டும் வாரிசு இல்ல, ரெண்டு அத்தைங்களுக்கும் பங்கு உண்டு. தம்பி "அவங்களுக்குத்தான் சீர் செஞ்சாச்சேக்கா"ன்னான். சீர் வேற சொத்து வேறடா, நானும் பொறந்த வீட்டுக்கு பொண்ணுதானேன்னு சொன்னேன், அதுக்கு மேல அவன் பேசல. தாத்தாவுக்கு தனி, அப்பாவுக்கு தனின்னு ரெண்டு வாரிசு சான்றிதழுக்கும் எழுதிப் போட்டுட்டு வலங்கைமான்ல பெரிய அத்தைய போய் பாத்தோம். காபி குடுத்துட்டு அத்தை நேரா சொன்னாங்க, "எம் பங்க கணக்கா குடுத்துடுங்க, என்னைக் கேக்காம வெல மட்டும் பேசிடாதீங்க." எவ்வளவு நியாயம் பாருங்க. அன்னிலேந்து யார் வீட்ட பாக்க வந்தாலும் ராத்திரி அத்தைக்கு போன் போட்டு சொல்லிடறேன்.

வந்தவங்க கதைதான் பெருசு. மொதல்ல வந்தவர் பழைய மரம் வாங்கறவர். வீட்ட சுத்திக்கூட பாக்கல, கூடத்து தூண ஒரு காசால தட்டி காத வெச்சு கேட்டாரு, தேக்குதான்னாரு, தூணு, நெலக்கதவு, பத்தாயம் மட்டும் குடுங்க, சுவர நாங்களே இடிச்சு தர்றோம்னாரு. அந்தத் தூண்ல உக்காந்தா தலை படற உசரத்துல கறுப்பா எண்ணெய்க் கறை இருக்கும், தாத்தா சாஞ்சு சாஞ்சு விழுந்தது. அவர் அதையும் விரலால தேச்சு பாத்து, இழைச்சா போயிடும்னாரு. அம்மா எழுந்து உள்ள போயிட்டாங்க. அவர் மேல எனக்கு கோவம் இல்ல, அது அவர் தொழில். ஆனா வீடு வீடா இருக்கணும்னு நெனைக்கிறவங்க மர வியாபாரிய மொதல்ல உள்ள விடாதீங்க, மனசு விட்டுப் போயிடும்.

அப்புறம் சிங்கப்பூர்லேந்து லீவுல வந்த ஒருத்தர் பாத்தாரு, அவருக்கு மனை மட்டும்தான் வேணும். கடைசியா ஒரு டீச்சரும் அவங்க வீட்டுக்காரரும். அந்தப் பொண்ணு மொத கேள்வியே "ஐப்பசி கார்த்திகைல தண்ணி எதுவரைக்கும் வரும்"னு. மறைக்காம சொன்னேன், அடைமழைல வாய்க்கா நெறஞ்சா கொல்லைக் கெணத்தடி வரைக்கும் நிக்கும், வீட்டுக்குள்ள வந்ததில்ல, ஷீட் போட்ட பக்கம் ஒழுகும். அவங்க அடுப்படிய ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க. எனக்கு அவங்களுக்கே குடுக்கணும்னு இருக்கு.

மாயவரத்துக்காரன்: மேடம், விலைக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க, மனை யாரோடதுன்னு. நம்ம டெல்டாவுல பாதி தெரு கோயில் இல்ல மடத்து அடிமனை. எங்க வீட்டுலயும் தாய்ப்பத்திரத்த எழுத்தர்கிட்ட குடுத்து படிச்சப்பதான் தெரிஞ்சுது, எழுதி வாங்கினது கட்டடம் மட்டும், மனைக்கு வருஷா வருஷம் கோயிலுக்கு வாடகை கட்டிட்டு வந்திருக்காங்க. 1959 அறநிலையச் சட்டம் 34வது பிரிவுப்படி கோயில் மனைய அறநிலையத்துறை கமிஷனர் அனுமதி இல்லாம வித்தா செல்லாது. அட்வான்ஸ் வாங்கியிருந்தோம், மறுவாரமே திருப்பிக் குடுத்துட்டோம், வந்தவரும் நல்ல மனுஷன், வாழைத்தார் ஒண்ணு வாங்கிட்டு போனாரு. நத்தம்னா, அதாவது ஊர்க் குடியிருப்புக்குன்னு ஒதுக்கின மனைன்னா, உங்களுக்கு இந்தப் பிரச்சனை இருக்காது, இருந்தாலும் கிராம நிர்வாக அலுவலர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

குடந்தை வாசி: அட்வான்ஸ்னதும் ஞாபகம் வருது, 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்காதீங்க, வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போடலாம். எங்க சித்தப்பா வீடு வித்தப்ப ஆடிட்டர் சொன்னது, 2001 ஏப்ரல் 1க்கு முந்தின சொத்துக்கு அந்தத் தேதி மார்க்கெட் மதிப்பையே அடக்க விலையா எடுத்துக்கலாம், ஆனா அது அன்னிக்கு பத்திரப் பதிவுக்கு அரசாங்கம் வெச்சிருந்த வழிகாட்டி மதிப்ப தாண்டக் கூடாது. லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், இல்ல பணவீக்கத்த கழிச்சுட்டு 20 சதவீதம், எது கம்மியோ அது. வரி அவங்கவங்க பங்குக்கு தனித்தனி, அதனால பணம் ஒவ்வொருத்தர் அக்கவுண்டுக்கும் நேரா போகட்டும், ஒருத்தர் பேர்ல மொத்தமா வாங்கி பிரிச்சா பின்னாடி வெளக்கம் சொல்லியே மாளாது.

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். எங்களுது நத்தம்தான், பாத்துட்டேன். அத்தைங்க பாஸ்புக் நகல் நாளைக்கே கேக்கறேன். வில்லங்கச் சான்று, அதான் சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல், ஆன்லைன்ல போட்டப்ப 1975லேந்துதான் வந்துச்சு, தாத்தா பத்திரம் அதுக்கும் முந்தினது. டீச்சர்கிட்ட அட்வான்ஸ் வாங்கறதுக்குள்ள அதையும் பாத்துடணும். நம்ம பக்கம் சார்பதிவாளர் ஆபீஸ்ல பழைய புக்க தேடி வாங்கினவங்க யாராவது இருந்தா எத்தன நாள் ஆச்சுன்னு சொல்லுங்க, லீவு போட்டுட்டு வரணும்.