ஸ்னிப்பெட்டுக்குத் தமிழ்: துணுக்கா, நறுக்கா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ் எழுத்துகளைக் கையாளும் கணினி நிரல் வரிகளை ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்று பெங்களூரு அல்சூரில் கூடியபோது முடிவு செய்தோம். வரிகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. அவற்றில் ஒன்றை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதில்தான் இன்னும் உடன்பாடு இல்லை. ஒரு கோப்பில் 'ஸ்னிப்பெட்' என்றும், அடுத்ததில் 'நிரல்துண்டு' என்றும், வேறொன்றில் 'நிரல்துளி' என்றும் தலைப்பு இருக்கிறது. தேடுபவருக்கு எதுவும் அகப்படாது.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளை வரையறுத்துக்கொள்வோம். நாம் சேர்ப்பது முழு நிரல் அன்று. அழைத்தவுடன் வேலை செய்து விடை தரும் செயற்கூறும் அன்று. நிறுவிப் பயன்படுத்தும் நூலகமும் அன்று. எங்கோ ஓடிக்கொண்டிருந்த நிரலிலிருந்து, ஒரு குறிப்பிட்ட வேலைக்குப் போதுமான சில வரிகளை மட்டும் ஒருவர் தெரிந்தே வெட்டியெடுத்து வைத்திருக்கிறார். எடுத்துக்கொள்பவர் அதைத் தம் நிரலுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும், ஏனென்றால் கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிக்கோடு அதைத் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என்று ஐந்தாகவே வைத்திருக்கிறது. அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணினால் 15. மூன்று எழுத்து என்ற விடையைப் பெற, குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விடும் நான்கு வரிகள் நம் சேகரிப்பில் உள்ளன. அதே வரிகள் 'க்ஷ' என்பதை இரண்டெழுத்தாக எண்ணும். அதை ஓரெழுத்தாகக் கொள்பவர் தாமே ஒரு விதிவிலக்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே வரிகளோடு, அவை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தா என்ற சிறு குறிப்பும் சேர்ந்ததுதான் நாம் பெயரிட வேண்டிய பொருள்.

இந்த உரைகல்லில் வைத்தால் துளியும் கீற்றும் நிற்கவில்லை. கடலின் துளி கடலைப் போலவே உப்புக் கரிக்கும். நிரலின் நான்கு வரிகள் நிரலைப் போல ஓடமாட்டா. 'சில்லு' கணினியின் உள்ளுறுப்புக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது. 'துண்டு' அனைவருக்கும் புரியும் என்பது உண்மை. ஆனால் வரவுசெலவில் விழுவதும் துண்டுதான், சிக்பேட்டைத் துணிக்கடையில் மலிவு விலைக்குக் குவித்து வைத்திருப்பதும் துண்டுதான். எஞ்சியது, குறைபட்டது என்ற சாயல் அதில் எப்போதும் உண்டு. நாம் சேர்ப்பது மிச்சம் மீதி அன்று.

எஞ்சுவன துணுக்கும் நறுக்கும். துணுக்குக்கு வலுவான வழக்கு இருக்கிறது: செய்தித் துணுக்கு, சிரிப்புத் துணுக்கு என்று இதழ்களில் படித்தே வளர்ந்தோம். நமக்கு இந்த ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. கன்னடத்தில் ஒற்றைக் ககரத்தோடு ஏறக்குறைய இதே சொல்லை இதே பொருளில் வழங்குகிறார்கள். பக்கத்து மேசை நண்பருக்கு நாம் விளக்கம் சொல்ல வேண்டியிராது. ஆயினும் இதழ்த் துணுக்கு பத்தியின் அடியில் மிஞ்சிய இடத்தை நிரப்ப வந்தது, படித்ததும் மறந்துபோவது. (துணுக்குறுதல் என்றால் திடுக்கிடுதல். சோதிக்காமல் ஒட்டிய வரிகள் வாடிக்கையாளர் முன்னிலையில் உடைந்து விழும்போது நேர்வது அதுதான் என்றாலும், அந்தப் பொருத்தத்துக்காக ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது.)

நறுக்கு என்பதில் வெட்டும் செயல் இருக்கிறது. அளவறிந்து வெட்டுவது என்ற பொருளும் இருக்கிறது. ஸ்னிப்பெட் என்ற ஆங்கிலச் சொல்லும் கத்தரிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்ததே. ஆனால் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்த ஒற்றுமை அன்று. ஓலை நறுக்கு என்று ஒன்று நம்மிடம் இருந்தது: சுவடியாகக் கட்டப்படாத, ஒரு செய்தியையோ கணக்கையோ குறித்துக் கொடுத்தனுப்பும் சிறிய ஓலை. வெட்டப்பட்டது என்ற பொருளும் குறிப்பு என்ற பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. போதாததற்கு, நறுக்குத் தெறித்தாற்போல் பேசினார் என்றால் சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசினார் என்று பொருள்.

புணர்ச்சியைக் காட்டி யாரேனும் மறுக்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். விதிப்படி நிரலும் நிறையும் சேர்ந்து நிரனிறை ஆவதுபோல, நிரல்நறுக்கு 'நிரனறுக்கு' ஆக வேண்டும். துணுக்கு மட்டும் தப்பிவிடாது; கல்லும் தூணும் கற்றூண் ஆகும் முறையில் அது 'நிரற்றுணுக்கு' ஆகிவிடும். இரண்டையும் படித்து எவருக்கும் ஒன்றும் விளங்காது. இக்காலத்தில் பலர் நிரல்நிறை என்று பிரித்தே எழுதுகிறார்கள். நாமும் அப்படியே எழுதலாம். இலக்கணத்திலிருந்து கலைச்சொல்லுக்கு நாம் எடுக்கக்கூடியது விதியைவிடச் சொல்லே என்பது என் எண்ணம். நிரலில் உள்ள பிழைக்கு 'வழு' என்ற பழைய இலக்கணச் சொல் எவ்வளவு இயல்பாக வந்து அமர்ந்துகொண்டது என்பதை நாம் பார்த்திருக்கிறோம்.

இத்தகைய நறுக்குகளின் தொகுப்பைத் 'திரட்டு' எனலாம்; பலர் பல காலத்தில் எழுதியதைப் பின்னால் ஒருவர் கூட்டிச் சேர்ப்பது அது. எப்படிச் செய்வது என்று படிப்படியாக விளக்கும் கட்டுரைகளுக்குச் 'செய்குறிப்பு' போதும்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து

ஐயா,

தங்கள் விளக்கத்தை மகிழ்ச்சியுடன் படித்தேன். ஆயினும் இடைமுகங்களை மொழிபெயர்ப்பவள் என்ற முறையில் எனக்கு இரண்டு தடைகள் உள்ளன. பட்டிகளில் (மெனுக்களில்) நாம் வெட்டு, ஒட்டு, சேமி, திற என்று ஏவல் வினைகளையே இடுகிறோம். அந்த வரிசையில் 'நறுக்கு' என்று ஒரு பொத்தான் நின்றால், அதை எவரும் பெயர்ச்சொல்லாகப் படிக்கமாட்டார்கள். வெட்டுக்கும் நறுக்குக்கும் என்ன வேறுபாடு என்றுதான் கேட்பார்கள். துணுக்கு எந்த இடத்திலும் ஏவலாக மாறாது.

மற்றொன்று, ஸ்னிப்பெட் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் உலவுகின்றன. விஷுவல் ஸ்டூடியோ கோடு போன்ற, நிரல் எழுத உதவும் செயலிகளில் அது ஜேசன் என்ற வடிவில் அமைந்த ஒரு கோப்பில் முன்னொட்டு, உடல், விளக்கம் என்ற பகுதிகளோடு எழுதப்படுகிறது. முன்னொட்டைத் தட்டினால் உடல் முழுவதும் வந்து விழுகிறது. டாலர் குறியும் எண்ணும் இட்ட இடங்களை நாம் ஒவ்வொன்றாக நிரப்புகிறோம். டாலர் சுழியம் உள்ள இடத்தில் சுட்டி கடைசியாக வந்து நிற்கிறது. இது எதிலிருந்தும் வெட்டப்பட்டது அன்றே? இதையும் நறுக்கு என்பீர்களா?

ஒயிட்ஃபீல்டிலிருந்து

அம்மா,

இரண்டாவது தடைக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனென்றால் அதில் தாங்கள் கூறுவதே சரி. நிரப்புவதற்கென்று இடம் விட்டு வைத்திருப்பது நறுக்கு அன்று. தமிழ் விக்கிப்பீடியா நெடுநாளாக வழங்கிவரும் 'வார்ப்புரு' அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ஒரே பெயர் இருப்பதற்காக நாமும் இரண்டையும் ஒன்றாகக் கட்ட வேண்டியதில்லை.

பொத்தானைப் பற்றிய தடை எனக்குத் தோன்றாமல் போனது. சமையலறையில் தினமும் காதில் விழும் ஏவல்தானே அது. நேற்று இரவு நம் தளத்தின் பட்டியில் இரண்டு சொற்களையும் இட்டுப் பார்த்தேன். 'புதிய நறுக்கு', 'நறுக்கைச் சேர்', 'நறுக்குகள்' என்ற மூன்றிலும் மயக்கம் இல்லை; அடைமொழியோ வேற்றுமை உருபோ பன்மையோ வந்தவுடன் அது பெயர்ச்சொல்லாகிவிடுகிறது. தனித்து நிற்கும்போது மட்டுமே தாங்கள் சொன்ன குழப்பம் நேர்கிறது. எனவே பட்டியில் தனிச்சொல்லாக வர வேண்டிய இடங்களில் 'நிரல்நறுக்கு' என்றோ பன்மையிலோ மட்டும் எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம். துணுக்கு என்று தேடுபவரும் வந்துசேரும்படி அச்சொல்லைத் தேடுசொல்லாக இணைத்துவிட்டேன். கன்னட நண்பர்களுக்கும் அது உதவும்.

ஒவ்வொரு நறுக்கின் தலையிலும் எடுத்த இடத்தைக் குறிக்கும் ஒரு வரியைக் கட்டாயமாக்கலாமா என்றும் கேட்கிறேன். நிரலாளர்கள் கேள்வி கேட்டு விடை பெறும் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வரும் விடைகள் கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் வருவன. எழுதியவரைச் சுட்டுவதும் அதே உரிமத்தில் பகிர்வதும் அதன் நிபந்தனைகள். அந்த வரிக்கு 'மூலம்' என்று பெயரிட்டால் மூலநிரலோடு குழம்பும். 'எடுத்த இடம்' என்றே எழுதியிருக்கிறேன்; இதைவிடக் குறுகிய சொல் யாருக்கேனும் தோன்றினால் தெரிவியுங்கள்.

எழுத்துகளை எண்ணும் அந்த நான்கு வரிகளை, 'க்ஷ' பற்றிய எச்சரிக்கையோடு, முதல் நறுக்காகத் திரட்டில் ஏற்றியிருக்கிறேன். 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் இரட்டைக் குறியாகவும் உள்ளிட முடிவதால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு சொற்கள் ஒப்பிடும்போது பொருந்தாமல் போவதற்கான தீர்வு தங்களிடம் இருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டாவதாக அதை அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து