மறு: பர் கிரைண்டருக்குத் தமிழ்ச்சொல்: ‘திரிகை’, ‘அரைபல்’

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கோப்பி அரைக்க மின்சாரப் பொறி வாங்குகிறவர்களுக்காக நாம் எழுதிவரும் வழிகாட்டியில் ‘பர் கிரைண்டர்’ என்பதை எப்படி எழுதலாம் என்று கேட்டிருந்தேன். வந்த பதில்களைப் படித்தேன். என் கருத்து கீழே.

> தமிழாக்கம் எதற்கு? கடையில் கேட்டால் எவருக்கும் புரியாது. ‘கிரைண்டர்’ என்றே விட்டுவிடுங்கள்.

கிரைண்டர் என்ற சொல்லை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல் இரண்டு வெவ்வேறு சாமான்களை ஒன்றாகக் காட்டுகிறது என்பதுதான் தொல்லை. கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் போய் ‘கோப்பி கிரைண்டர்’ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கையில் தருவது கத்தி வைத்த சின்னப் பொறிதான். அடியில் ஒரு கத்தி, பொத்தானை அமுக்கியிருக்கும் வரை சுழலும். கத்தியில் பட்ட கொட்டை நொறுங்கும், படாத கொட்டை அப்படியே கிடக்கும். கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். பாதிக் கொட்டையும் இருக்கும், விரல் ரேகைக்குள் ஒட்டிக்கொள்ளும் மாவும் இருக்கும். வெந்நீர் பட்டதும் அந்த மாவு தன் கசப்பையெல்லாம் இறக்கிவிடும். பெரிய துண்டோ சாறு விடாமல் நின்று வெறும் புளிப்பைத் தரும். கசப்பும் புளிப்பும் ஒரே கோப்பையில். நல்ல கொட்டை வாங்கியும் கோப்பி சரிவரவில்லை என்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மற்றப் பொறிதான் நாம் பேசும் பர் கிரைண்டர். அதில் கத்தி கிடையாது. வரி வெட்டிய இரண்டு உருக்குத் துண்டுகள் எதிரெதிரே இருக்கும், அவைதான் ‘பர்’. ஒன்று அசையாமல் நிற்க, மற்றது சுழலும். கொட்டை நடுவில் விழுந்து, நொறுங்கி, இடைவெளி எவ்வளவோ அந்த அளவுக்குச் சிறுத்த பிறகே வெளியே வரும். தூளின் பருமனை அந்த இடைவெளி தீர்மானிக்கிறது. கத்திப் பொறியில் அதைத் தீர்மானிப்பது நாம் பொத்தானை அமுக்கியிருக்கும் நேரம். இந்த வேறுபாட்டைக் கேட்டவுடனே காட்டும் சொல்தான் நமக்கு வேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்கோ கிரைண்டர் என்றால் தோசை மா ஆட்டும் பொறிதான் முதலில் நினைவுக்கு வரும். அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

> அகராதியில் ‘பர்’ என்றால் பிசிறு. ‘பிசிறு அரைப்பான்’ எனலாம்.

வேண்டாம். உலோகத்தைக் கடையும்போது விளிம்பில் துருத்தி நிற்கும் வேண்டாத சீவலைத்தான் பட்டறையில் பிசிறு என்பார்கள். அது அராவி எறிய வேண்டியது. இங்கே பேசுவது அளந்து வெட்டிய வரிகளைப் பற்றி.

> ‘பற்சில்லு அரைப்பான்’ நல்ல தமிழாக இருக்கிறது.

நல்ல தமிழ்தான், ஆனால் எங்கள் இலங்கைப் பாடநூல்களில் பற்சில்லு என்றால் கியர். இந்தப் பொறிகள் பலவற்றில் மோட்டரின் வேகத்தைக் குறைக்க உள்ளேயே பற்சில்லுகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் பற்சில்லா உலோகப் பற்சில்லா என்பது வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஒரே பொறியில் இரண்டு உறுப்புகளுக்கு ஒரே பெயர் வைத்தால் திருத்தப் போகிற இடத்தில் குழப்பம் வரும்.

என் முன்மொழிவு: பொறிக்குத் ‘திரிகை’, முழுப் பெயராகச் சொல்வதானால் ‘கோப்பித் திரிகை’. மின்சாரத்தில் ஓடுவது ‘மின்திரிகை’, கையால் சுற்றுவது ‘கைத்திரிகை’.

உளுந்தும் பயறும் உடைக்கிற கல் திரிகையை யாழ்ப்பாணத்து வீடுகளில் கண்டவர்கள் இந்தக் குழுவில் பலர் இருப்பீர்கள். கீழ்க்கல் அசையாது, மேற்கல் சுழலும், நடுக்குழியில் போட்ட தானியம் இரண்டுக்கும் இடையில் நசுங்கி விளிம்பு வழியாக உதிரும். தட்டையான உருக்கு வட்டு வைத்த இன்றைய மின்சாரப் பொறியும் ஓட்டத்தில் இதேதான். கல்லின் இடத்தில் உருக்கு, கையின் இடத்தில் மோட்டர். அம்மி, ஆட்டுக்கல், உரல் மூன்றுக்கும் இந்தச் செயல் கிடையாது. ‘கோப்பி உரல்’ என்று முன்மொழிந்த அண்ணன் மன்னிக்க வேண்டும். உரலில் இடித்த கோப்பியின் சுவை எனக்கும் பிடிக்கும், ஆனால் உரல் இடிக்கும், இது திரிக்கும்.

தமிழ்நாட்டில் திருகை என்றுதான் பலர் எழுதுகிறார்கள் என்று கோவையிலிருந்து ஒருவர் சுட்டியிருந்தார். இரண்டு வடிவமும் வழக்கில் உள்ளவைதான். நான் திரிகை என்பதைப் பிடிப்பதற்கு வினைச்சொல்லும் ஒரு காரணம். தென்தமிழ்நாட்டில் இன்றும் மாவு திரித்தல், மசாலா திரித்தல் என்பார்கள். அதையே எடுத்து ‘கோப்பி திரித்தல்’ என்று எழுதலாம். பெயரும் வினையும் ஒரே வேரில் நின்றால் வழிகாட்டியில் வாக்கியம் இலகுவாக ஓடும். ‘அரைத்தல்’ பொதுச் சொல்லாக இருக்கட்டும், அதைத் தடுக்கவில்லை. கத்தி வைத்ததைக் ‘கத்தி கிரைண்டர்’ என்றே விடலாம்.

அடுத்தது ‘பர்’ என்ற உறுப்பு. ‘திரிகை வட்டு’ என்று முதலில் எழுதிப் பார்த்தேன். தட்டையாக இருப்பதற்குச் சரி. ஆனால் வீட்டுப் பொறிகளில் பரவலாக இருப்பது கூம்பு வடிவம். உள்ளே ஒரு கூம்பு சுழல, வெளியே வளையம் அதைச் சூழ்ந்து நிற்கும். அதை வட்டு என்றால் பொய்யாகிவிடும். ஆகவே ‘அரைபல்’. நம் வாயில் வெட்டும்பல்லும் கடைவாய்ப்பல்லும் வேலையில் எப்படி வேறுபடுகின்றனவோ, கத்தியும் அரைபல்லும் அப்படித்தான் வேறுபடுகின்றன. ‘கூம்பு அரைபல்’, ‘தட்டை அரைபல்’ என்று அடை சேர்த்தால் வகை பிரியும். அகலத்தையும் சொல்லலாம். சந்தையில் உள்ள இரண்டு மின்திரிகைகளை எடுத்தால், பராட்சா என்கோர் 40 மில்லிமீற்றர் கூம்பு அரைபல், ஃபெலோ ஓட் 64 மில்லிமீற்றர் தட்டை அரைபல். அரைபல் பெரிதானால் எல்லாக் கோப்பிக்கும் ஏற்றது என்று நினைத்துவிட வேண்டாம். ஓட் வடிகட்டிக் கோப்பிக்காகச் செய்தது, அழுத்தத்தில் இறக்கும் எஸ்பிரெசோவுக்கு அன்று. வழிகாட்டியில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். 64 என்ற எண்ணை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு எஸ்பிரெசோ இறங்கவில்லை என்று எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூளின் பருமனுக்கு ‘அரைப்பளவு’ என்று வந்திருந்தது. நம் சமையலறையிலேயே ‘பதம்’ இருக்கும்போது அது எதற்கு? ‘திரிபதம்’ என்று நீட்டவும் வேண்டாம், வெறும் பதம் போதும். தூளை ஊறவைத்து அமுக்கி வடிக்கும் பிரெஞ்சு பிரெஸுக்குக் குறுணல் பதம், மேலிருந்து நீர் ஊற்றி வடிப்பதற்கு ரவைப் பதம், துருக்கிக் கோப்பிக்கு மாப் பதம். எஸ்பிரெசோ ரவைக்கும் மாவுக்கும் நடுவில். மைக்ரோமீற்றரில் சொன்னால் எஸ்பிரெசோ ஏறத்தாழ 200 முதல் 400, ஊற்றி வடிப்பது 500 முதல் 800, பிரெஞ்சு பிரெஸ் 1000 பக்கம். பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்குகிறவர்கள் எஸ்பிரெசோவை விடச் சற்றுப் பெரிதாக, ரவையை விட மெல்லியதாக வைத்துத் தொடங்கலாம். நீர் மேலே தேங்கி நின்றால் தூள் மிக மெல்லியது, கடகடவென்று இறங்கினால் மிகப் பெரியது. எண்களைவிட இந்தச் சொற்கள்தான் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே சமயத்தில் புரியும்.

எந்தத் திரிகையிலும் கொஞ்சம் மாத்தூள் கலந்தே வரும். அதற்கு ‘நுண்தூள்’. நல்ல திரிகையில் அது குறைவு, அவ்வளவுதான். திரித்தபின் உள்ளேயே ஒட்டி நின்றுவிடுவதற்குத் ‘தங்குதூள்’ என்று வைக்கிறேன். இது கொழும்பில் இருக்கிறவர்களுக்கு முக்கியமான சொல். இங்கத்தைய ஈரக்காற்றில் நேற்றைய தங்குதூள் ஈரம் இழுத்து, தூள் வெளியேறும் வாய்க்காலில் கட்டிப்பட்டுவிடும், நாளை காலைக் கோப்பிக்குள் அதுவே முதலில் விழும். மேல் தொட்டி நிறையக் கொட்டையைக் கொட்டி வைப்பதும் இங்கே நல்லதல்ல. ஒரு தடவைக்கு வேண்டியதை நிறுத்துப் போட்டுத் திரிக்கக்கூடிய வகையாகப் பாருங்கள். இன்னொன்று, வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறவர்கள் அரைபல்லைத் தண்ணீரில் கழுவவே கூடாது. உருக்கு துருப்பிடிக்கும். தூரிகையால் தட்டி எடுத்தால் போதும்.

திரித்த தூள் கிண்ணத்தின் சுவரிலும் விரலிலும் ஒட்டிக்கொள்வதற்குப் புதுச்சொல் தேவையில்லை. நிலைமின் என்று எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். திரிக்குமுன் கொட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தால் அது அடங்கும் என்பது வீட்டில் கோப்பி வடிப்பவர்களுக்குப் பழக்கமான கைமருந்து. 2023-இல் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அளந்து காட்டினார்கள். கொழும்பில் ஏசி இல்லாத அறையில் இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தலைகாட்டாது.

> படிப்படியாகத் திருப்பும் வகைக்கும் படியே இல்லாத வகைக்கும் என்ன சொல்வது?

‘படித் திரிகை’, ‘படியிலித் திரிகை’. படி என்றால் அரைபற்களின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ஒவ்வொரு நிலை. என்கோரில் 40 படி, ஓட்டில் 31 படி. படியிலியில் எந்த இடத்திலும் நிறுத்தலாம். எஸ்பிரெசோவுக்குப் படி மிக நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லையேல் படியிலியே வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு முடியளவு மாற்றமே கோப்பி இறங்கும் நேரத்தைப் பல விநாடி நகர்த்திவிடும். மற்றவற்றுக்குப் படி வைத்ததே வசதி, நேற்று வைத்த இடத்துக்கு இன்றும் தவறாமல் திரும்பலாம். படியிலி என்ற சொல் கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கிறது. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் நான் விட்டுக்கொடுக்கத் தயார்.

ரொறன்ரோவிலிருந்து எழுதிய அக்காவுக்கு: தம்பிக்குக் கொழும்புக்கு அனுப்ப நினைக்கும் திரிகையை அங்கே வாங்காதீர்கள். கனடாவில் விற்பது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். நேரே செருகினால் மோட்டர் கருகும். இடையில் பாரமான ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து ஓட்டினாலும் சில மோட்டர்களின் வேகம் மாறும், உத்தரவாதமும் செல்லாது. லண்டனில் யாராவது இருந்தால் அங்கிருந்து அனுப்பச் சொல்லுங்கள். மின்சாரமும் ஒன்று, சதுர முள் பிளக்கும் ஒன்று.

இன்னொரு சொல். அம்மியோ திரிகையோ வழுவழுப்பாகிவிட்டால் உளியால் கொத்திக் கூராக்குவதைப் ‘பொளிதல்’ என்போம். உருக்கு அரைபல்லை வீட்டில் பொளிய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஆகவே பொளிதலை இங்கே இழுக்காமல், ‘பல் மழுங்குதல்’, ‘பல் மாற்றுதல்’ என்று எழுதுவோம். மாற்றுப் பல் தனியாகக் கிடைக்காத பொறியை, எவ்வளவு மலிவானாலும், நம் வழிகாட்டி பரிந்துரைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மலையக நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். 1869-இல் இலைத்துரு நோய் வந்து கோப்பியை அழிக்கத் தொடங்குமுன், உங்கள் முன்னோர் மலையேறி வந்தது கோப்பித் தோட்டங்களுக்குத்தான். தேயிலை பிறகு வந்தது. பழம் பறித்தல், தோல் நீக்கல், காய வைத்தல், வறுத்தல், இடித்தல் ஆகியவற்றுக்கு உங்கள் வீட்டு முதியவர்களின் வாயில் சொல் ஏதாவது மிஞ்சியிருந்தால் கேட்டு எழுதுங்கள். நாம் உட்கார்ந்து உருவாக்குவதைவிட அது நூறு மடங்கு மேல். வழிகாட்டியின் அடுத்த பகுதி வறுவலைப் பற்றியது, அங்கே அவை உடனே பயன்படும்.

திரிகை, அரைபல், பதம், நுண்தூள், தங்குதூள் ஐந்தையும் வைத்து முதல் அத்தியாயத்தைத் திருத்தி ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன். மறுப்பு இருப்பவர்கள் அதற்குள் எழுதிவிடுங்கள். அரைபல்லைப் பற்றி மருத்துவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று குறிப்பாக அறிய விரும்புகிறேன், பல் வைத்தியத்தில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு எதற்காவது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
கொழும்பு 6-இலிருந்து