புது லேப்டாப்பில் கடைக்காரர் மெயில் ஐடி இருக்கிறது. அழித்துவிட்டு மறுபடி விண்டோஸ் போடலாமா?

ஆடுதுறை டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். பெண் பி.காம். சேர்ந்திருக்கிறாள். அவளுக்காகக் கும்பகோணத்தில் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினோம். 13ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பெட்டியில் விண்டோஸ் 11 ஹோம், ஆஃபீஸ் ஹோம் 2024 இரண்டும் உண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. "செட்டப் எல்லாம் நாங்களே ஃப்ரீயா பண்ணித் தர்றோம்மா, ஒரு அரை மணி கழிச்சு வாங்க" என்றார்கள். கடைத்தெருவில் வேறு வேலைகளை முடித்துக்கொண்டு போனோம். லேப்டாப்பைத் திறக்க 1234 என்று பில் பின்னால் எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்டார்ட்டை அழுத்தினதும் யாரோ ஒருவர் பெயர் வருகிறது. கூடவே நாங்கள் கேள்விப்படாத ஒரு அவுட்லுக் மெயில் ஐடி. வேர்டு திறந்தாலும் அதே பெயர்தான். போதாததற்கு ஒரு ஆன்டிவைரஸ், பணம் கட்டு கட்டு என்று மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

கல்லூரியில் கேட்டார்கள் என்று பெண்ணின் ஆதார், ப்ளஸ் டூ மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் செய்து டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடியாக ஒரு பச்சை டிக் வந்திருக்கிறது. அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

நாத்தனார் மகன், "பென் டிரைவ்ல போட்டு ஃபார்மேட் அடிச்சிடலாம் அத்தை, பத்து நிமிஷம்" என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. அழித்தால் விண்டோஸை மறுபடி காசு கொடுத்து வாங்கணுமா? ஆஃபீஸ் போய்விடுமா? வாரண்டிக்கு ஏதாவது ஆகுமா?

---

பைட் பையன்:

டீச்சர், ஃபார்மேட் அடிச்சு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க. ஆன்டிவைரஸ் தொல்லை, அக்கவுண்ட் தொல்லை எதுவும் இல்லை. லிப்ரே ஆஃபீஸ் இலவசம்.

---

திருகாணி:

தம்பி, பி.காம். படிக்கிற பிள்ளைக்கு டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர் வேணும். டேலிப்ரைம் விண்டோஸில்தான் ஓடும். லினக்ஸை வேறு யாருக்காவது எடுத்து வை.

டீச்சர், நான் திருச்சியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கேள்விகளுக்குப் பிறகு வருகிறேன். பரவாயில்லை என்று விட்டீர்களே ஒரு பச்சை டிக், முதலில் அதுதான். அது ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு, போடும் குறி. "இந்த ஃபைல் மிஷினிலும் இருக்கிறது, இணையத்திலும் ஏறிவிட்டது" என்று அர்த்தம். யார் அக்கவுண்டில் ஏறியது? ஸ்டார்ட் மெனுவில் பெயர் வருகிறதே, அவர் அக்கவுண்டில். அந்த மெயிலின் பாஸ்வேர்டு தெரிந்தவர் எந்த ஊரிலிருந்தும், தன் போனிலேயே உங்கள் பெண்ணின் ஆதாரைத் திறந்து பார்க்கலாம். கடைப் பையன் பார்க்கிறான் என்று சொல்லவில்லை. அவனுக்கே இது தெரியாமல்கூட இருக்கும். செட்டப் போகிற போக்கில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் விண்டோஸ் தானாகவே பேக்கப்பில் சேர்த்துவிடும்.

வீடு உங்கள் காசு, பட்டா கடைக்காரர் பேரில். உங்கள் நிலைமை இதுதான். ஆகையால் ஃபார்மேட் அடிப்பது கடைசி வேலை.

இன்றைக்கே அந்த ஸ்கேன்களை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். திறக்கிறது என்றால் அடுத்த வேலை. கீழே கடிகாரம் பக்கத்தில் நீல மேகம் மாதிரி ஒரு ஐகான் இருக்கும். அதை வலது கிளிக் செய்து "வியூ ஆன்லைன்" கொடுத்தால் பிரவுசரில் அந்த அக்கவுண்டின் ஒன்டிரைவ் திறக்கும். அங்கே அந்த ஸ்கேன்களை அழித்துவிட்டு, இடது பக்கம் இருக்கிற ரீசைக்கிள் பின்னுக்குள் போய் அதையும் காலி செய்யுங்கள். விட்டால் அங்கே 30 நாள் கிடக்கும். பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிட்டால் கடையில்தான் வாங்க வேண்டும். பில் பின்னால் எழுதிய 1234 வெறும் பின் நம்பர், அந்த லேப்டாப்புக்குள் மட்டும் செல்லும். மெயிலின் பாஸ்வேர்டு வேறு.

அடுத்தது என்கிரிப்ஷன். இப்போது வருகிற லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்தவுடன் டிஸ்க் முழுவதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டின் சாவி 48 இலக்க எண். அது செட்டப் செய்தவர் அக்கவுண்டில் போய் உட்காரும். தினசரி உபயோகத்தில் இது கண்ணிலேயே படாது. மதர்போர்டு மாற்றினால், சில சமயம் பயாஸ் (மிஷினைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்தால்கூட, நீலத் திரை வந்து அந்த எண்ணைக் கேட்கும். எங்கள் கடைக்கு வந்த ஒரு மிஷின், வாரண்டியில் போர்டு மாற்றி வந்தது. போர்டு புதுசு, எஸ்எஸ்டி பழசு, உள்ளே ஒரு ஆடிட்டர் ஆபீஸின் இரண்டு வருடக் கணக்கு. சாவி, விற்ற கடையில் முன்னே வேலை பார்த்த பையனின் மெயிலில். பையன் துபாய் போய்விட்டான், அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவனுக்கே ஞாபகமில்லை. ஃபைல் எல்லாம் உள்ளேதான் இருந்தது, ஒன்றையும் எடுக்க முடியவில்லை. மிஷினைக் கொண்டுவந்தவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் பையன் ஒருகாலத்தில் வைத்திருந்திருக்கக்கூடிய பாஸ்வேர்டுகளையெல்லாம் சாயங்காலம் வரை அடித்துப் பார்த்தார்.

அதனால் செட்டிங்ஸ், பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி, டிவைஸ் என்கிரிப்ஷன் என்று போய் அதை ஆஃப் செய்யுங்கள். பூட்டு அவிழக் கொஞ்ச நேரம் எடுக்கும். சார்ஜரை மாட்டியே வையுங்கள்.

இப்போது உங்கள் கேள்விகள். விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. எத்தனை தடவை அழித்துப் போட்டாலும், அதே ஹோம் பதிப்பைப் போடும்வரை நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும், யார் மெயிலும் அதற்கு வேண்டாம். நாத்தனார் பிள்ளை ஆசைப்பட்டு "ப்ரோ" போட்டால்தான் ஆக்டிவேட் ஆகாமல் நிற்கும். அப்புறம் கிராக், அதாவது திருட்டு ஆக்டிவேஷன், தேட ஆரம்பிப்பான்.

ஆஃபீஸ் அப்படி இல்லை. முதல் தடவை எந்த அக்கவுண்டில் ஆக்டிவேட் செய்கிறார்களோ அதோடு ஒட்டிக்கொண்டுவிடும், இன்னொரு அக்கவுண்டுக்கு மாற்ற வழி கிடையாது. வேர்டில் அந்தப் பெயர் வருகிறது என்றால் உங்கள் ஆஃபீஸ் அங்கே போய்விட்டது. அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும். பில்லை எடுத்துக்கொண்டு போங்கள், அந்த அக்கவுண்டையே பாஸ்வேர்டோடு கேட்டு வாங்குங்கள். உங்களுக்கென்று புதிதாகத் திறந்த மெயிலாக இருந்தால் பிரச்சினையில்லை. எல்லா கஸ்டமருக்கும் ஒரே மெயிலைப் போடும் கடை என்றால் தர மாட்டார்கள். அப்போது ஆஃபீஸுக்கான பணத்தைக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

வாரண்டி? விண்டோஸை அழித்துப் போடுவதால் வாரண்டி எங்கும் போகாது. கம்பெனி இணையதளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு, வாரண்டி ஆரம்பத் தேதியும் பில் தேதியும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். சரக்கு கடையில் தூங்கியிருந்தால் தேதி முன்னாலேயே ஓட ஆரம்பித்திருக்கும். பில்லை அனுப்பினால் திருத்திவிடுவார்கள்.

---

பைட் பையன்:

திருகாணி அண்ணே, லினக்ஸ் வேண்டாம், சரி. ஆனா ஃபார்மேட்டுக்குப் பதிலா விண்டோஸ்லயே இருக்கிற ரீசெட் கொடுத்தா, அந்த ஆன்டிவைரஸ் மாதிரி கம்பெனி ஏத்தி வச்ச குப்பையெல்லாம் திரும்ப வருமே? பென் டிரைவ்ல க்ளீனா போட்டா என்ன?

---

திருகாணி:

உனக்கும் எனக்கும் சரி தம்பி. டீச்சர் வீட்டில் என்ன நடக்கும் சொல்கிறேன். நாத்தனார் பிள்ளை 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் ஏற்றி பூட் செய்வான். எந்த டிஸ்கில் போட என்று கேட்கிற இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து நிறைய லேப்டாப்களில் விஎம்டி என்று ஒன்று டிஸ்குக்கு முன்னால் நிற்கிறது, அதற்கு டிரைவர் கொடுக்காமல் விண்டோஸ் இன்ஸ்டாலர் கண்ணுக்கு எஸ்எஸ்டி தெரியாது. எஸ்எஸ்டி செத்துப்போச்சு என்று புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடி வருகிறவர்கள் உண்டு. கம்பெனி சைட்டிலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அந்தத் திரையில் "லோட் டிரைவர்" கொடுத்தால் எஸ்எஸ்டி வந்துவிடும். யூடியூபில் பார்த்துவிட்டு பயாஸில் விஎம்டியை அணைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏற்கெனவே இருக்கிற விண்டோஸ் அதோடு பூட் ஆகாமல் நீலத் திரையில் நிற்கும்.

அதைத் தாண்டினாலும் வைஃபை டிரைவர் இருக்காது, செட்டப்போ நெட் இல்லாமல் நகராது. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்தால் அதுவும் தீரும். பத்து நிமிஷ வேலை என்று சொன்ன பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் தாராளமாகப் போடட்டும்.

இல்லையென்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி, "ரீசெட் திஸ் பிசி", "ரிமூவ் எவ்ரிதிங்". அதில் "லோக்கல் ரீஇன்ஸ்டால்" போதும். "க்ளவுட் டவுன்லோட்" 4 ஜிபிக்கு மேல் டேட்டா தின்னும். டிரைவர் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஆன்டிவைரஸ் திரும்பி வந்தால் ஆப்ஸ் பட்டியலில் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக விழித்துக்கொள்ளும். வீட்டு உபயோகத்துக்கு அது போதும்.

---

ஆடுதுறை டீச்சர்:

பச்சை டிக்கைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஸ்கேன்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, லேப்டாப்போடு கடைக்கே போய்விட்டோம். முதலில் "எல்லோருக்கும் இப்படித்தாம்மா போட்டுத் தர்றோம்" என்றார்கள். உங்கள் பெண்ணின் ஆதார் என் போனில் இருந்தால் சும்மா இருப்பீர்களா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் பையனைக் கூப்பிட்டார். நல்லவேளையாக எங்களுக்கென்று தனியாகத் திறந்த மெயில்தான். ஆனால் ஓடிபி பையன் போனுக்குத்தான் வருகிறது. நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே என்னென்ன மாற்ற வேண்டும்? அந்த மெயிலையே பெண் வைத்துக்கொள்ளலாமா?

---

திருகாணி:

சரியாகக் கேட்டீர்கள் டீச்சர். பையன் எதிரில் இருக்கும்போதே முடியுங்கள். அவன் போனுக்கு ஓடிபி வரவழைத்து உள்ளே போய், செக்யூரிட்டி பக்கத்தில் முதலில் உங்கள் நம்பரையும் உங்கள் மெயிலையும் சேருங்கள். அவை உறுதியான பிறகு அவன் நம்பரை நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வீட்டுக்கு வந்து ஓடிபி இல்லாமல் மாற்றப் பார்த்தால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காக்க வைக்கும். ஒன்டிரைவை அங்கேயே காலி செய்யுங்கள். "சைன் அவுட் எவ்ரிவேர்" என்று ஒன்று இருக்கும், அதையும் கொடுத்துவிடுங்கள்.

அந்த மெயிலை ஆஃபீஸுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் நுழைய ஒரு அக்கவுண்ட், வேர்டில் நுழைய வேறொன்று இருந்தால் தடை எதுவும் இல்லை. ரீசெட் முடிந்து செட்டப் கேட்கும்போது பெண்ணின் சொந்த அக்கவுண்டைக் கொடுங்கள். என்கிரிப்ஷன் தானாக மறுபடி ஆன் ஆகும், ஆகட்டும், லேப்டாப் பஸ்ஸில் தொலைந்தால் அதுதான் காவல். அந்த 48 இலக்கத்தை அக்கவுண்டில் பார்த்து ஒரு தாளில் அச்செடுத்து வாரண்டி பில்லோடு வையுங்கள். லேப்டாப் பைக்குள் வைக்க வேண்டாம்.

---

ஆடுதுறை டீச்சர்:

எல்லாம் மாற்றியாகிவிட்டது. ரீசெட்டும் பெண்ணே செய்துவிட்டாள், ஸ்டார்ட்டில் இப்போது அவள் பெயர் வருகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். சார்ஜ் போட்டுக்கொண்டு கை வைத்தால் மேல்மூடியில் லேசாகச் சுர்ரென்று இருக்கிறது, ஷாக்கா? டேலி எங்கே வாங்குவது?

---

திருகாணி:

மேல்மூடி மெட்டலாக இருக்கும், சார்ஜர் மூன்று பின்னாக இருந்தும் இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருப்பீர்கள். எர்த் இல்லாத பிளக்கில் அடாப்டரிலிருந்து கசியும் துளி மின்சாரம் அது. எர்த் உள்ள சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பாருங்கள், நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் வீட்டு எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். எப்போதும் மேஜையில் சார்ஜிலேயே இருக்கும் என்றால் கம்பெனி ஆப்பில் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும், ஆன் செய்யுங்கள்.

டேலியை இப்போது வாங்க வேண்டாம். டேலி கம்பெனி சைட்டிலிருந்தே டேலிப்ரைமை இறக்கி எஜுகேஷனல் மோடில் திறக்கச் சொல்லுங்கள், இலவசம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில்தான் வவுச்சர் போட விடும். வகுப்பில் தரும் கணக்குக்கு அது போதும்.