வெளிநாட்டு முதலீட்டுப் பணம் வந்துவிட்டது, செயலியின் உரிமை யாருடையது என்பதில் சிக்கல்: உதவி தேவை

நிறைமதி (கேள்வி)

வணக்கம். நானும் என் தோழியும் குழந்தைகளுக்கான தமிழ்க் கதைச் செயலி ஒன்றை நடத்துகிறோம். தொடக்கத்தில் கூட்டாண்மை நிறுவனமாக இருந்தது. பிறகு பிரைவேட் லிமிடெட் ஆக்கினோம். சந்தா செலுத்துவோரில் கணிசமானவர்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் முதலீட்டு நிறுவனம் ஒன்று பங்குகளுக்கு ஈடாகப் பணம் போட முன்வந்தது. ஒப்பந்தம் கையெழுத்தாகி, முதல் தவணை எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பங்குகளை இன்னும் ஒதுக்கவில்லை.

இப்போது முதலீட்டாளரின் வழக்கறிஞர், "செயலியின் நிரலும் ஓவியங்களும் உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதற்கான பத்திரம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார். நிரலை எழுதியவர் எங்கள் ஊழியர் அல்லர், ஃப்ரீலான்ஸ் முறையில் செய்துகொடுத்தவர். ஓவியரும் அப்படித்தான். பேசிய தொகை முழுவதையும் இருவருக்கும் கொடுத்துவிட்டோம். பில்லும் வங்கிச் சான்றும் இருக்கின்றன. "உங்கள் செயலிக்கான நிரல்" என்று நிரலாளரே மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். இவை போதாதா? போதாது என்றால், வந்த பணத்தை என்ன செய்வது? பத்திரம் கைக்கு வராமல் பங்கு ஒதுக்கக் கூடாது என்கிறார் அந்த வழக்கறிஞர். சீக்கிரம் ஒதுக்குங்கள் என்கிறது வங்கி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம்.

வழக்குரை

பில் போதாது. அந்த வழக்கறிஞர் கேட்டது நியாயமான கேள்விதான்.

படைப்பை உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர் என்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17 சொல்லும் பொது விதி. ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதியிருந்தால் உரிமை நிறுவனத்துக்குப் போகும். வெளியாளிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கினால் போகாது. கணினி நிரலைச் சட்டம் இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைத்திருக்கிறது. ஆகவே, எழுதியவர் கையெழுத்திட்டு மாற்றித் தரும்வரை உரிமை அவரிடமே இருக்கும். அதைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி உண்டு என்று வாதாடலாம். ஆனால் அனுமதியை மட்டும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்கை எந்த முதலீட்டாளர் வாங்குவார்?

ஓவியங்களின் நிலை கொஞ்சம் வேறு. ஒருவர் பணம் கொடுத்துத் தன் பொருட்டு வரையச் சொன்ன ஓவியத்துக்கும் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும், மாறான உடன்பாடு எதுவும் இல்லையென்றால், அவரே முதல் உரிமையாளர் என்று அதே பிரிவின் இன்னொரு உட்பிரிவு சொல்கிறது. அதை வைத்துக்கொண்டு நீங்கள் வாதாட இடமுண்டு. இருந்தாலும் கணினியில் வரைந்த கதாபாத்திரங்களுக்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். நல்ல உறவில் இருக்கும் ஓவியரிடம் ஒரு கையெழுத்து வாங்குவது அந்த வாதத்தைவிட எளிது.

நிரலுக்குத்தான் கவனம் அதிகம் தேவை. உரிமை மாற்றுப் பத்திரம் பிரிவு 19இன்படி எழுத்தில், உரிமையைத் தருபவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு தொகை என்று எல்லாமே அதில் வர வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். காலத்தைக் குறிப்பிடாவிட்டால் வெறும் 5 ஆண்டுகள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மலேசியாவில் சந்தா விற்கும் உங்களுக்கு அப்படிப்பட்ட பத்திரத்தால் பாதிப் பயன்கூட இல்லை. "உலகம் முழுவதும், பதிப்புரிமை நிலைக்கும் காலம் முழுவதும்" என்று தெளிவாக எழுதுங்கள்.

19(4)ஐயும் மறக்க வேண்டாம். மாற்றி வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் மட்டுமே விலக்கு. வரைந்து வாங்கி, இன்னும் வெளியிடாத கதாபாத்திரங்கள் உங்களிடம் நிச்சயம் இருக்கும். அவற்றைக் காப்பாற்ற அந்த ஒரு வரி வேண்டும்.

பேரேடு

உரிமை விஷயத்தை அவர் சொல்லிவிட்டார். நான் பணத்தின் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்த 60 நாட்களுக்குள் பங்குகளை ஒதுக்கியாக வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாட்களுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2019இல் வந்த விதிகளும் இதைத்தான் சொல்கின்றன, 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் பிரிவு 42ம் இதைத்தான் சொல்கிறது. வங்கி அவசரப்படுத்துவது அதனால்தான்.

ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: அந்தப் பணத்தில் எதையாவது செலவழித்துவிட்டீர்களா? பங்கு ஒதுக்கி, அந்த ஒதுக்கீட்டைத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவத்தை நிறுவனங்கள் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அதில் ஒரு ரூபாயைக்கூடத் தொடக் கூடாது. தனி வங்கிக் கணக்கில் அப்படியே கிடக்கட்டும்.

பொன்வண்டு

இவ்வளவு ஏன்? அந்த நிரலாளரிடம் வேலை தொடங்கிய தேதியைப் போட்டு ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கிவிட்டால் முடிந்தது. பணம் கொடுத்தது உண்மை, வேலை செய்ததும் உண்மை. யாரும் ஏமாறவில்லையே?

வழக்குரை

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முத்திரைத்தாள் வாங்கிய தேதி, கோப்பு உருவான நேரம், மின்கையெழுத்தின் பதிவு எல்லாமே காட்டிக்கொடுக்கும். தேதி பொய் என்று தெரிந்த பிறகு அந்தப் பத்திரத்தில் இருக்கும் உண்மையையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நிறைமதிக்கு அந்த அபாயம் தேவையே இல்லை. இன்றைய தேதியில் எழுதி, முன்பு செய்த வேலைக்கான உரிமையை இப்போது மாற்றித் தருவதாகச் சொன்னால் அது செல்லும். கேட்டுக்கொண்டபடி ஏற்கெனவே செய்து முடித்ததையும் இந்திய ஒப்பந்தச் சட்டம் மறுபயனாக, அதாவது ஒப்பந்தத்துக்கு ஈடாகத் தரும் பயனாக, ஏற்கிறது. இருந்தாலும், இந்தக் கையெழுத்துக்கென்று புதிதாக ஒரு தொகை கொடுத்து அதைப் பத்திரத்தில் குறிப்பிடுங்கள் என்பேன். அவருடைய உழைப்புக்கு அது மரியாதையும்கூட.

இன்னொரு கேள்வி, நிறைமதி. கூட்டாண்மையை நிறுவனச் சட்டத்தின் பிரிவு 366இன் கீழ் அப்படியே நிறுவனமாக மாற்றிப் பதிவு செய்தீர்களா, அல்லது புதிதாக ஒரு நிறுவனம் தொடங்கினீர்களா?

நிறைமதி

இருவருக்கும் நன்றி. பணத்தைத் தொடவில்லை. தனிக் கணக்கில்தான் இருக்கிறது.

நிறுவனத்தைப் புதிதாகத் தொடங்கினோம். பழைய கூட்டாண்மை இன்னும் கலைக்கப்படவில்லை. செயலியின் பெயரும் அதன் பேரில்தான் வணிகக்குறியாகப் பதிவாகியிருக்கிறது.

ஓவியரிடம் பேசினேன். உடனே ஒப்புக்கொண்டார். நிரலாளர்தான் தயங்குகிறார். எங்கள் மேல் கோபம் இல்லை என்கிறார், ஆனால் "எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நான் பிழைப்பது எப்படி?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவரை வருத்தப்படுத்தவும் விருப்பமில்லை.

தறி

நானும் ஃப்ரீலான்ஸ் நிரலாளர்தான். அவர் பக்கம் நின்று சொல்கிறேன்.

உங்கள் செயலிக்காக அவர் எழுதிய நிரல் ஒன்று. அதற்கு முன்பே எழுதி வைத்து, எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எடுத்துப் பயன்படுத்தும் அவருடைய சொந்தக் கருவிகள் வேறொன்று. பயனர் உள்நுழைவு, ஒலிக் கோப்பை வெட்டி ஒட்டுவது, சந்தா காலம் முடிந்ததா என்று பார்ப்பது போன்றவற்றை நாங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவதில்லை. "செயலியின் மொத்த நிரலும்" என்று பத்திரத்தில் எழுதினால் அந்தக் கருவிகளும் உங்களுக்குப் போய்விடும். அதன்பிறகு அவர் வேறு எவருக்கும் வேலை செய்ய முடியாது. அதோடு, அந்தக் கருவிகள் ஏற்கெனவே வேறு நான்கு பேரின் செயலிகளில் இருக்கும்போது உங்களுக்கு முழு உரிமை தருகிறேன் என்று அவர் கையெழுத்திடுவதும் முறையாகாது.

ஆகவே இரண்டாகப் பிரியுங்கள். உங்களுக்கென்று எழுதிய பகுதிக்கு முழு உரிமை மாற்று. அவருடைய கருவிகளுக்கு நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, உலகம் முழுவதும் செல்லும் பயன்பாட்டு அனுமதி. நிறுவனம் கைமாறினாலும் அந்த அனுமதி தொடரும் என்று ஒரு வரி. எந்தக் கோப்பு எந்தப் பக்கம் என்பதைப் பட்டியலாகப் பத்திரத்தோடு இணையுங்கள். அவரையே உட்கார வைத்து அந்தப் பட்டியலைப் போடச் சொல்லுங்கள். இதைச் சொன்னால் பெரும்பாலும் தயக்கம் தீர்ந்துவிடும். பொதுவெளியில் கிடைக்கும் திறமூல நிரல்களையும் அதே பட்டியலில் உரிமத்தோடு குறிக்கச் சொல்லுங்கள், வழக்கறிஞர் அடுத்துக் கேட்பது அதைத்தான்.

செயலி குழந்தைகளுக்கானது என்பதால் இன்னொன்று. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாத எவரும் குழந்தைதான். பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். குழந்தையின் நடத்தையைப் பின்தொடர்வதும் அதை வைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. தரவை வெளிநாட்டு சர்வரில் வைக்கலாம். அரசு தடை செய்து அறிவிக்கும் நாட்டில் அது இருக்கக் கூடாது. எந்தக் குழந்தை எந்தக் கதையை எத்தனை நிமிடம் கேட்டது என்று உங்கள் செயலி பதிந்து வைக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.

வழக்குரை

தறி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நிரலாளர் பக்கத்தை இவ்வளவு தெளிவாக எந்த வழக்கறிஞரும் எழுதியிருக்க மாட்டார்.

நிறைமதி, பிரிவு 366 வழியில் போயிருந்தால் கூட்டாண்மையின் சொத்து தானாகவே நிறுவனத்தில் சேர்ந்திருக்கும். புதிய நிறுவனம் என்பதால் கூட்டாண்மையிடமிருந்தும் ஒரு பத்திரம் வேண்டும்: வணிகக்குறி, இணைய முகவரி, நீங்களும் தோழியும் எழுதிய கதைகள், சந்தாதாரர் பட்டியல் எல்லாம் சேர்த்து. கூட்டாண்மையைக் கலைப்பதற்கு முன்பே இதை முடியுங்கள். கலைத்த பிறகு செய்வது சிக்கலாகலாம். வணிகக்குறி மாற்றத்தைப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். நிரலாளரும் ஓவியரும் நேரடியாக நிறுவனத்துக்கே எழுதிக் கொடுக்கட்டும், இடையில் கூட்டாண்மை வேண்டாம். முத்திரைத் தீர்வை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சரியாகச் செலுத்தாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது என்பதால் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

பேரேடு

கெடுவுக்குள் எல்லாம் முடியாது போலிருந்தால் இரண்டு வழிகள். பங்கை இப்போதே ஒதுக்கிவிட்டு, இன்ன தேதிக்குள் பத்திரங்களைத் தருவோம் என்று முதலீட்டாளருக்கு உறுதிமொழி எழுதிக் கொடுப்பது ஒன்று. அவர் சம்மதிக்காவிட்டால் பணத்தைத் திருப்பி அனுப்பி, பத்திரங்கள் தயாரான பின் மறுபடி வாங்குவது இன்னொன்று. திருப்பி அனுப்புவதை அவமானமாக நினைக்காதீர்கள். கெடு தாண்டிய பணத்தைக் கையில் வைத்திருப்பதுதான் ஆபத்து.

ஒதுக்கும் விலை, ஆடிட்டரோ, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியில் பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கரோ சான்றளித்த நியாய மதிப்புக்குக் கீழே போகக் கூடாது. முதலீட்டு நிறுவனத்தின் உண்மையான பயனாளிகள் யார் என்று வங்கி கேட்டால் எரிச்சல் வேண்டாம். இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டவரின் முதலீட்டை அரசு அனுமதி வழிக்குக் கொண்டுவந்த 2020 ஏப்ரல் விதிதான் காரணம். சிங்கப்பூர் நிறுவனமாக இருந்தாலும் பின்னால் இருப்பவர் யார் என்று பார்ப்பார்கள்.

நிறைமதி

நிலவரம் சொல்ல வந்தேன். நிரலாளரை வீட்டுக்கு அழைத்து, தறி சொன்ன முறையில் பட்டியல் போட்டோம். அவருடைய கருவிகள் என்று பிரித்தவை நான் நினைத்ததைவிடக் குறைவு. முகத்தில் தெளிவு வந்தது, மறுநாளே கையெழுத்திட்டார். ஓவியரின் பத்திரமும் கூட்டாண்மையின் பத்திரமும் முடிந்தன. கெடுவுக்குள் பங்கு ஒதுக்கி, பிஏஎஸ்-3 தாக்கல் செய்துவிட்டோம். வணிகக்குறி மாற்றத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. கேட்ட நேரத்தைப் பதியும் பகுதியை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறோம்.

இனி ரிசர்வ் வங்கிக்கு என்ன அனுப்ப வேண்டும்?

பேரேடு

பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள், வெளிநாட்டாருக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் எஃப்சி-ஜிபிஆர் படிவம், ரிசர்வ் வங்கியின் ஃபர்ம்ஸ் இணையதளம் வழியாக. பணம் வந்ததற்கான வங்கிச் சான்று, அனுப்பியவரின் அடையாளத்தை உறுதிசெய்யும் கேஒய்சி அறிக்கை, மதிப்பீட்டுச் சான்றிதழ், இயக்குநர் குழுத் தீர்மானம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கேஒய்சி அறிக்கை அனுப்பிய வங்கியிடமிருந்து வர வேண்டியது, தாமதமாவதும் பெரும்பாலும் அதனால்தான். இன்றே உங்கள் வங்கியிடம் நினைவூட்டுங்கள். முதலீட்டாளரின் பெயர் சான்றில் ஒரு மாதிரியும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரியும் இருந்தால் படிவம் திரும்பி வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு.

அதன்பின் ஆண்டுதோறும் ஜூலை 15க்குள், வெளிநாட்டுப் பொறுப்புகளையும் சொத்துகளையும் காட்டும் எஃப்எல்ஏ அறிக்கை. புதிதாகப் பணம் வராத ஆண்டிலும், வெளிநாட்டார் பங்கு உங்களிடம் இருக்கும்வரை அதை அனுப்ப வேண்டும்.