கொழும்பா, ஆகாசவாணியா: நமக்கு ரேடியோ பைத்தியம் பிடிக்க வைத்தது யார்?

கடலோரக்காரன்:
தமிழ்நாட்டில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது ரேடியோ பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உடனே இலங்கை வானொலி வந்துவிடும். மயில்வாகனம், கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது என்று பெயர்கள் மளமளவென்று வரும். சென்னை நிலையத்தில் பாட்டு போட்ட அறிவிப்பாளர் ஒருவர் பெயரை அதே ஆளிடம் கேளுங்கள், விழிப்பார். என் கட்சி இதுதான்: நம்மை ரேடியோ பைத்தியமாக்கியது கொழும்பு. இந்திய அரசு வானொலியான ஆகாசவாணி கடனே என்று நடந்த அரசு அலுவலகம். 1952-இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பிவிட்டார்கள். எங்கள் ராமநாதபுரம் கரையில் கொழும்பின் காலை நிகழ்ச்சி ‘பொங்கும் பூம்புனல்’ கேட்காமல் பொழுது விடிந்த வீடே கிடையாது.

கும்பகோணத்தான்:
கடலோரம் சார், நீங்கள் சொல்வது சினிமாப் பாட்டு மேல் இருந்த காதல். பாட்டு எங்கே கிடைத்ததோ அங்கே போனீர்கள். பிறகு டேப் ரிக்கார்டர் வந்ததும் பாதிப் பேர் கேசட் கடைக்குப் போய்விட்டார்கள்.

ரேடியோவால் மட்டும் முடிகிற காரியம் எது என்று பாருங்கள். அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தபோது திருச்சி நிலையம் அதை எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் போடுவது என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. தஞ்சை மாவட்டத்தில் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வந்துவிட்டது. நிலையம் சொன்னதை நம்பி ஒரு விவசாயி நிலத்தில் கையை வைக்கிறான். இதைவிடப் பெரிய ரேடியோ அபிமானம் என்ன இருக்கிறது?

அப்புறம் பெயர் தெரியாது என்றீர்களே. சரோஜ் நாராயணசுவாமி தெரியாதா? காலையில் டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கும் அந்தக் குரல் வந்தால்தான் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று தெரியும். தென்கச்சி சுவாமிநாதன்? வேளாண்மை படித்துவிட்டு நெல்லை நிலையத்தில் பண்ணைச் செய்தி பேசியவர். பின்னால் ‘இன்று ஒரு தகவல்’ என்று சில நிமிடம் பேசி ஊரையே நிறுத்திவைத்தார்.

கடலோரக்காரன்:
செய்தி வாசிப்பவரை எல்லாருக்கும் தெரியும் சார், அது வேறு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற அரை நிமிடத்தை வைத்துப் பெயர் வாங்கினாரே கே. எஸ். ராஜா, நான் கேட்பது அதை. ‘திரைவிருந்து’வில் மூச்சு விடாமல் பேசுவார், ஒரு எழுத்து சிதையாது. முன்னோட்டம் சொல்லியே படம் பார்க்க வைத்துவிடுவார். எங்கள் தெருவில் பையன்கள் அதே வேகத்தில் பேசிப் பழகினார்கள். ஆகாசவாணி அறிவிப்பாளரைப் போல யார் பேசிப் பழகினார்கள்?

கேசட் விஷயத்துக்கும் இதுதான் பதில். பாட்டுதான் காரணம் என்றால், வீட்டில் கேசட் இருந்த பிறகும் அதே பாட்டை ஹமீது சொல்லிப் போடும்போது ஏன் சத்தத்தைக் கூட்டினோம்?

ஏரியல்:
நடுவில் ஒரு தொழில்நுட்ப விஷயம். இரண்டு பேரும் ரசனையைப் பற்றிப் பேசுகிறீர்கள். பாதி காரணம் உப்புத் தண்ணீர்.

மத்திய அலை (மீடியம் வேவ்) பகலில் தரையை ஒட்டித்தான் போகும். காய்ந்த நிலத்தில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் வெகுதூரம் வலுவாகப் போகும். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடல் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். அதனால் ராமேஸ்வரம், தொண்டி, வேதாரண்யம் பக்கமெல்லாம் இலங்கை உள்ளூர் நிலையம் போல விழும். கோயம்புத்தூரில் அதே தெளிவு வராது. அங்கே கேட்டவர்கள் பெரும்பாலும் சிற்றலையில்தான் (ஷார்ட் வேவ்) பிடித்திருப்பார்கள். வீட்டுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் செம்புவலை ஏரியல் கட்டியிருப்பார்களே, அதெல்லாம் இதற்குத்தான்.

கொழும்பின் சிற்றலை பலத்துக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய நேச நாட்டுப் படைகளின் வானொலிக்காகக் கொழும்புக்கு அருகே ஏகலவில் 100 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்தார்கள். பின்னால் அது இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. கேஸ்கர் கதவை மூடிய நேரத்தில் அவர்கள் கையில் அப்படி ஒரு கருவியும், 1950-இல் தொடங்கிய வர்த்தக சேவையும் இருந்தன. இந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பாட்டு நிகழ்ச்சி பினாகா கீத்மாலா அதே 1952 டிசம்பரில் கொழும்பிலிருந்துதான் தொடங்கியது.

கும்பகோணத்தான்:
பார்த்தீர்களா, காதல் இல்லை, ஏகல டிரான்ஸ்மிட்டர்.

கேஸ்கர் கதையையும் எத்தனை நாளைக்கு ஓட்டுவீர்கள்? 1957 அக்டோபரில் ஆகாசவாணியின் பாட்டுச் சேவையான விவித பாரதி வந்துவிட்டது. தேன்கிண்ணம் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கேயே இருக்கிறது.

கடலோரக்காரன்:
நானும் அதைத்தான் கேட்கிறேன். 1957-இலேயே பாட்டு வந்துவிட்டது. எழுபதுகளில் கொழும்பை ஏன் விடவில்லை? டிரான்ஸ்மிட்டர் கேட்க வைக்கும், காத்திருக்க வைக்காது. எங்கள் வீட்டு டிரான்சிஸ்டரில் பேட்டரி வலு குறைந்தால் அம்மா அதைக் கழற்றித் திண்ணையில் வெயிலில் காயவைப்பார். சாயங்காலம் நேயர் விருப்பத்துக்கு மட்டும் மாட்டுவோம். மற்ற நேரத்தில் பெட்டியைத் தொட்டால் அடிதான். அந்தப் பேட்டரியை ‘வயலும் வாழ்வும்’ என்ற விவசாய நிகழ்ச்சிக்குச் செலவழிக்க எங்கள் தெருவில் யாரும் சம்மதித்திருக்க மாட்டார்கள்.

கும்பகோணத்தான்:
உங்கள் தெருவில் மீன் பிடித்தார்கள், எங்கள் தெருவில் நாற்று நட்டார்கள். பேட்டரி அதற்கேற்ப.

வல்லைவெளி:
அண்ணைமாரே, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு சொல். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி. நீங்கள் கொழும்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம் எங்கட வீட்டில் முள் திருச்சியில் நிற்கும். அப்பாவுக்குக் கச்சேரி வேண்டும், திருவையாற்று ஆராதனை வேண்டும். பஞ்சரத்னம் ஒலிபரப்பாகும் நேரம் வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது. அம்மாவுக்குத்தான் கொழும்பு, அதில் ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சி.

ஏரியல் அண்ணை சொன்ன உப்புத் தண்ணீர் இரண்டு பக்கமும் வேலை செய்தது. ஆனால் அது முழுக்காரணம் இல்லை. கொழும்பும் எங்களுக்குத் தெளிவாகத்தான் கேட்டது, இருந்தும் அப்பா திருச்சியை வைத்தார். தங்கட நிலையம் தராததை ஆட்கள் மற்றக் கரையில் தேடினார்கள்.

இன்னொன்று. நீங்கள் பாட்டோடு கேட்ட கொழும்பு எங்களுக்கு அரசாங்கச் செய்தியும் சேர்ந்த கொழும்பு. பாட்டுக்குக் காதைக் கொடுத்துவிட்டு, செய்திக்கு பி.பி.சி. தமிழோசை போட்ட வீடுகள்தான் எங்கட பக்கம் அதிகம். கே. எஸ். ராஜாவைப் பற்றி நீங்கள் ஆசையாக எழுதுகிறீர்கள். 1989-இல் அவரைக் கொழும்பில் கொன்றார்கள். எங்கட ஆட்கள் அந்தப் பெயரைச் சொன்னால் அதையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள்.

கடலோரக்காரன்:
வல்லைவெளி சொன்னதற்குப் பிறகு கொஞ்சம் நிதானமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. ராஜாவின் சாவுச் சேதி எங்கள் கரைக்கு வந்த நாளில் டீக்கடையில் அதைப் பற்றித்தான் பேச்சு. முகம் பார்த்திராத ஓர் அறிவிப்பாளருக்காக வேறு நாட்டு டீக்கடையில் துக்கம் பேசினார்கள். ஒரு நிலையம் நேயரிடம் என்ன சம்பாதித்தது என்பதற்கு எனக்கு அது போதும்.

ஏரியல்:
சரி, ஒரு பரீட்சை வைக்கிறேன். சினிமாப் பாட்டே இல்லாத நிகழ்ச்சி ஒன்றை ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். பாட்டு மேல் காதலா, ரேடியோ மேல் காதலா என்பது தெரிந்துவிடும். என்னுடையது பி.பி.சி. தமிழோசை. இரவில் சிற்றலை ஏறி இறங்கும், காதை ஒட்டிவைத்துக் கேட்பேன். 1941-இல் தொடங்கியதை 2017 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள்.

கடலோரக்காரன்:
கொழும்பில் எஸ். ராம்தாஸ் குழுவின் ‘கோமாளிகளின் கும்மாளம்’. முழுக்க நாடகம். அதையே 1976-இல் படமாகவும் எடுத்தார்கள், நிகழ்ச்சிக்கு அவ்வளவு மவுசு.

வல்லைவெளி:
எனக்கு சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’. அது போகிற நேரம் கிணற்றடியில் ஒருவரும் நிற்க மாட்டினம்.

கும்பகோணத்தான்:
சேப்பாக்கம் டெஸ்ட், தமிழ் வர்ணனை, அப்துல் ஜப்பார். பந்து எங்கே போகிறது என்று அவர் சொன்னால் ஆடுகளம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கூத்தபிரான், வானொலி அண்ணா. ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரக்காரன்:
ஒலிச்சித்திரம் செல்லாது சார்! அது சினிமாப் படத்தின் வசனத்தை வெட்டி ஒட்டிப் போடுவது. சினிமாவே ஆகாது என்ற நிலையம் ஒரு படத்தையே ரேடியோவில் ஓட்டியிருக்கிறது, நீங்கள் எங்களைச் சினிமாப் பைத்தியம் என்கிறீர்கள்.

கும்பகோணத்தான்:
அதில் பாட்டைக் குறைத்துத்தான் போடுவார்கள்.